ஒரே நாளில் ஜீப், ஸ்நார்க்கெல், ஆமை: சென்னையில் நடக்குமா?

கேள்வி: பள்ளிக்கரணைக்காரர், 2025 ஜனவரி 4, மாலை 6:12

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் மெக்சிகோவில் கொசுமெல் தீவுக்குப் போய்விட்டு வீடியோ அனுப்பியிருக்கிறான். காலையில் ஜீப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மண் பாதையில் ஓட்டிக்கொண்டு போகலாம். மதியம் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் மீன் பார்க்கலாம், அதுதான் ஸ்நார்க்கெல். சாயங்காலம் ஆமை, டால்பின். எல்லாம் ஒரே நாளில். இதே மாதிரி ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் முடியுமா? பிள்ளைகள் இரண்டு பேர், 9 வயது, 13 வயது. வண்டி வாடகைக்கு எடுக்கத் தயார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜனவரி 4, இரவு 10:40

முடியாது.

ஜனவரி 4, இரவு 11:05

மேலே போட்டதை வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "மனுஷன் புள்ளைங்களோட போகணும்னு கேக்கறாரு, இப்படியா பதில் சொல்றது" என்றாள். சரி, விரிவாகவே சொல்கிறேன்.

மூன்றும் தனித்தனியாக நடக்கும். ஒரே நாளில், அதுவும் ஈசிஆரில் நடக்காது. ஆமை வருவது ராத்திரி ஒரு மணிக்கு மேல். கடல் கொஞ்சம் அடங்கியிருப்பது விடியற்காலையில். வண்டியை மணலில் இறக்கலாம் என்று நினைத்தால் போலீஸ்காரர் வருவது எந்த நேரத்திலும்.

2018இல் இதே ஆசையில் நான் ஒரு பேக்கேஜுக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம், இப்போது அந்த ஆள் இருக்கிறாரா என்றே தெரியவில்லை. "ஆஃப் ரோடு" என்றது ஒரு ரிசார்ட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனை. வட்டமாக நாலு சுற்று. "ஸ்நார்க்கெலிங்" என்றது இடுப்பளவுத் தண்ணீர். முகத்தை உள்ளே வைத்தால் நீட்டிய கையில் விரல் தெரியவில்லை. கண்ணாடியின் ரப்பர் ஓரம் வெடித்திருந்தது. "கடல் உயிரினம்" என்ற தலைப்பில் மதியச் சாப்பாட்டில் வறுத்த நெத்திலி வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அன்றைக்கு உருப்படியாக இருந்தது அந்த நெத்திலி மட்டும்தான்.

ஜனவரி 5, காலை 7:30

கேள்வி கேட்டவர், "கொசுமெல்லும் கடல், கோவளமும் கடல், அங்கே தெரிவது இங்கே ஏன் தெரியாது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் பல வருடம் குப்பையும் சாக்கடையும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு பங்குதான்.

கொசுமெல் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் பாறைக்குள் இறங்கிவிடும், மேலே ஓடி வந்து கடலில் சேறு கொட்டும் ஆறு கிடையாது. பக்கத்தில் ஒரு நீரோட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பளிங்கு மாதிரித் தண்ணீர், பவளமும் செழிப்பாக இருக்கிறது.

நமக்கு அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு மூன்றும் இங்கேதான் வந்து விழுகின்றன. அதைவிடப் பெரிய காரணம் மணல். வருடத்தில் பெரும்பகுதி அலை கரையில் சாய்வாக அடித்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் கட்டியபோது அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஆக, திருவான்மியூரில் முகத்தைத் தண்ணீரில் வைத்தால் நமக்குத் தெரிவது வடக்கே நடந்துபோகும் மணல்.

மீனவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "கலங்கல்." கலங்கல் நாளில் வலை விரிப்பது வேறு கணக்கு, தெளிவான நாளில் வேறு கணக்கு. ஸ்நார்க்கெலுக்கு இரண்டிலுமே கணக்கு உதைக்கும்.

கோவளத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் படகில் பல கிலோமீட்டர் உள்ளே போய் ஸ்கூபா செய்கிறார்கள், அங்கே தண்ணீர் தெளிவுதான். ஆனால் 9 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே வேண்டாம்.

ஜனவரி 6

மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்நார்க்கெல் கண்ணாடியின் சிலிக்கோன் ஓரம் மேலுதட்டில் ஒட்ட வேண்டும். மீசை இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து மூக்கில் ஏறும். வாசலின் தடவினால் ஓரளவு நிற்கும். எங்கள் சித்தப்பா மீசையை எடுக்கமாட்டேன், தடவவும் மாட்டேன் என்று அந்தமானில் படகிலேயே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார். அவர்தான் சந்தோஷமாக இருந்தார் என்று பிற்பாடு தோன்றியது.

கண்ணாடி உள்ளே ஆவி படியாமலிருக்க எச்சில் துப்பித் தேய்த்து அலசுங்கள். அருவருப்பு என்றால் பேபி ஷாம்பூ ஒரு சொட்டு.

ஜனவரி 9, இரவு

இரண்டு பேர் மணலில் வண்டி ஓட்டுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு அனுபவம் உண்டு, அவமானமும் உண்டு.

2016 பிப்ரவரி. நண்பனுடைய மஹிந்திரா தார் ஜீப், புதுசு. மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு வழியாக இறங்கினால் நேராகக் கடற்கரை. ஃபோர் வீல் போட்டாகிவிட்டது, இனி நம்மை யார் நிறுத்துவது என்ற நினைப்பு. டயரில் காற்று 30க்கு மேல் இருந்தது, குறைக்கவில்லை. குறைத்தால் திரும்ப அடிக்கக் கம்ப்ரஸர் இல்லை. ஈர மணலில் ஐந்து நிமிடம் பறந்தோம். ஒரு படகைத் தவிர்க்க அவன் உலர்ந்த மணல் பக்கம் ஒடித்து, பிரேக்கும் போட்டான். வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கிணறு தோண்டியது. கால்மிதியை எடுத்து டயருக்கு அடியில் வைத்தோம், அதைப் பின்னால் துப்பியது. அலை ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு முழம் மேலே வந்துகொண்டிருந்தது.

படகு இழுக்கும் டிராக்டரோடு ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஒரு பெரியவர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி வச்சிருந்தா எப்படித் தம்பி ஏறும்?" என்றார். 1,500 ரூபாய். இழுத்து விட்டபிறகு டீயும் வாங்கிக் கொடுத்தார்கள், அதுதான் கூடுதலாக வலித்தது.

அதன்பிறகு கற்றுக்கொண்டது: மணலில் இறங்குமுன் காற்றை 18 வரை குறைக்க வேண்டும். டயர் தட்டையாகி, பரந்து நிற்கும், புதையாது. பிரேக்கைத் தொடாமல் காலை எடுத்துத் தானாக நிற்க விட வேண்டும். மாட்டினால் மிதிக்காமல் இறங்கி மண்வெட்டியால் தோண்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லையென்றால் உப்பு தின்றுவிடும். நான் ஒரு சிறிய கம்ப்ரஸர் வாங்கி அதன்பிறகு ஏழெட்டு முறை போயிருக்கிறேன். ஒருமுறைகூட மாட்டவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று வேறு விஷயம். காலையில் திருவான்மியூரிலிருந்து கொட்டிவாக்கம் வரை நடந்தேன். வழியில் செத்த ஆமைகள் ஆறு. எல்லாம் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி). ஒன்றின் கழுத்து வீங்கி, கண் வெளியே தள்ளியிருந்தது. நாய்கள் ஒன்றைச் சுற்றி நின்றன. நடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள், நானும்தான். இந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருக்கின்றன என்று செய்தியில் வருகிறது.

ஆமை பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகளைக் காலையில் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். இல்லை, கூட்டிக்கொண்டு போகலாமா? தெரியவில்லை. 13 வயதுக்காரருக்குக் காட்டலாம் என்றுதான் படுகிறது.

ஜனவரி 20

"கடலிலேயே இருக்கும் ஆமை எப்படி மூழ்கிச் சாகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் சிக்கினால் மேலே வர வழியில்லை. கழுத்து வீக்கமும் கண் பிதுங்கலும் அப்படிச் செத்ததற்கான அடையாளம் என்கிறார்கள். வலையில் ஆமை வெளியேற ஒரு கம்பிச் சட்டமும் திறப்பும் வைக்கலாம். அதன் வழியாகக் கொஞ்சம் இறாலும் போய்விடும் என்பதால் படகுக்காரர்கள் மாட்டத் தயங்குகிறார்கள். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ராத்திரி பெசன்ட் நகரில் நின்று பாருங்கள், படகு விளக்குகள் எவ்வளவு கிட்டே இருக்கின்றன என்று தெரியும்.

எறா தொக்கு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கழியாத வீடு எங்களுடையது. அதனால் குரலை உயர்த்தவில்லை.

பிப்ரவரி 15, சனி, காலை 8:00

தூங்கவில்லை, எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

நேற்று ராத்திரி, கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைத் தேடும் ஆமை நடைக்குப் போனேன். நடத்துவது 1988இலிருந்து மாணவர்கள் நடத்திவரும் ஓர் அமைப்பு. சீசனில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், மணலில். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சமும் கூடாது. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை, கட்டுமர வடக் கயிறு தடுக்கி இரண்டு முறை விழப் பார்த்தேன். பிறகு கண் பழகிவிட்டது.

இரண்டரை மணி இருக்கும். முன்னால் போன பெண் கையை உயர்த்தினாள். மணலில் கடலிலிருந்து மேலே ஏறி, வளைந்து, மறுபடி கடலுக்குள் இறங்கிய தடம். பார்த்தவுடன் என் வாயிலிருந்து வந்த வார்த்தை "டிராக்டர்". அவள் சிரித்துவிட்டு, எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள் என்றாள். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஏறும். அதனால் டயர் பட்டை மாதிரியே விழுகிறது. ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விட்டது. ஒரு பையன் குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்த்துக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் குச்சி எதிர்ப்பில்லாமல் இறங்கியது. கையால் தோண்டினான், தோள் வரை கை உள்ளே போனது.

பிங் பாங் பந்து அளவு, ஆனால் ஓடு மெத்தென்று அழுந்துகிறது. என்னையும் எண்ணச் சொன்னார்கள். 118. துணிப்பையில் கொஞ்சம் ஈர மணலோடு வைத்து, பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி மாற்றினார்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வரும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண்.

இடத்திலேயே விட்டால் என்ன என்று கேட்டேன். நாய், தெரு விளக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசியாகக் கீழே காட்டினாள். எவனோ சாயங்காலம் பைக் ஓட்டியிருக்கிறான். நீளமாக ஒரு பள்ளம். நமக்கு அது கணுக்கால்கூட இல்லை. குஞ்சு உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாமல் அதற்குள்ளேயே நேராக ஓடும், கடல் பக்கத்திலேயே இருந்தும் போய்ச் சேராது. காலையில் காக்கை, நண்டு.

நான் ஒன்றும் பேசவில்லை. 2016 பிப்ரவரி. அதன்பிறகு போன ஏழெட்டு முறையில் குறைந்தது மூன்று, ஜனவரியும் மார்ச்சும். காற்றைக் குறைத்துத் தட்டையாக்கிய டயரின் தடம் இன்னும் அகலம்.

பிப்ரவரி 15, மாலை

தூங்கி எழுந்தேன். ஜனவரி 9 குறிப்பை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. டயர் விஷயம் சரிதான், ராஜஸ்தானில் பாலைவனத்துக்குப் போகிறவருக்கு உதவும். நம் கடற்கரைக்கு வேண்டாம். "ஒருமுறைகூட மாட்டவில்லை" என்று பெருமையாக முடித்திருக்கிறேன் பாருங்கள், அதை மட்டும் மறுபடி படிக்க முடியவில்லை.

இன்னொரு திருத்தம். "ராத்திரி ஒரு மணிக்கு மேல்" என்று ஜனவரி 4இல் அடித்துச் சொன்னேன். அப்படிக் கணக்கு கிடையாது. பத்து மணிக்கே வருவதும் உண்டு, ராத்திரி முழுக்க நடந்து ஒன்றையும் பார்க்காமல் திரும்புவதும் உண்டு.

பிப்ரவரி 16

காதலர் தினத்தன்று ராத்திரி முழுக்க எங்கே போனாய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். 118 முட்டை எண்ணினேன் என்றேன். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிப்ரவரி 23

டால்பினோடு நீந்துவது பற்றி மறுபடி கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் டால்பின் காட்சிச்சாலைக்கு 2013இல் தடை வந்துவிட்டது. சென்னையில் அதற்கு முன்னால் ஒன்று இருந்தது பலருக்கு நினைவிருக்காது. 1998இல் மாமல்லபுரம் போகும் வழியில், பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பள்ளியிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிமெண்ட் பெஞ்சு, மொட்டை வெயில், பந்தை மூக்கால் தட்டியது ஞாபகம். கைதட்டி ஓய்ந்தோம். சில மாதத்துக்குள் எல்லா டால்பின்களும் செத்துப்போயின. எங்கள் வகுப்பில் அதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை, அடுத்த வருடம் வேறு எங்கோ சுற்றுலா.

நிஜ டால்பின் வேண்டுமென்றால் கட்டுமரக்காரர்களைக் கேளுங்கள், இதே சென்னைக் கடலில் பார்க்கிறார்கள். டிக்கெட் போட்டால் வராது, அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

ராமநாதபுரம் போய்வந்தேன். இந்தக் கேள்வி-பதில் இழைக்காகவே போனேன் என்று வீட்டில் சொல்ல முடியாது, ராமேஸ்வரத்தில் அப்பாவுக்குத் திதி என்றேன். திதியும் கொடுத்தேன்.

எழும்பூரில் ராத்திரி ஏறினால் காலையில் ராமநாதபுரம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள், புதுப் பாலம் இன்னும் திறக்கவில்லை, ராமேஸ்வரம் தீவுக்குப் பஸ்தான். நான் முதலில் தேவிபட்டினம் தாண்டித் தொண்டி போகும் வழியில் காரங்காடு போனேன். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் படகு, துடுப்புப் படகு, அதைத் தாண்டி ஆழமில்லாத இடத்தில் ஸ்நார்க்கெல்.

அந்தப் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்று ஓய்ந்த மார்ச்சில் பெண் கடல் குளம் மாதிரி. கொசுமெல் வீடியோவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். நீலம் இல்லை, இளம் பச்சை. மூன்று நான்கு மீட்டர் தெரிந்தது. கீழே பவளம் இல்லை, கடல் புல். வயல் மாதிரி விரிந்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. முதல் பத்து நிமிடம் புல்லைத் தவிர எதுவும் தெரியவில்லை, இதற்கா வந்தோம் என்று நினைத்தேன். பிறகு அசையாமல் மிதந்து மூச்சை நிதானப்படுத்தியதும் புல்லுக்குள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பென்சில் நீளத்துக்கு ஓரா மீன் குஞ்சுகள் கூட்டமாக. ஒரு நட்சத்திர மீன். கரும்பழுப்பில் ஒரு கடல் அட்டை, வெண்டைக்காய் சாம்பாரில் விழுந்த கத்தரிக்காய் மாதிரி கிடந்தது. தொடாதீர்கள் என்று படகில் இருந்த அண்ணன் கத்தினார். 2001இலிருந்து அதைப் பிடிக்கத் தடை, கடத்தல் இன்னும் நின்றபாடில்லை.

ஓரிடத்தில் புல்லுக்கு நடுவே வெறும் மணலாக ஒரு கோடு, வளைந்து வளைந்து போனது. மேலே வந்து கேட்டேன். "ஆவுளியா மேஞ்ச தடமா இருக்கும்" என்றார். கடல் பசு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னும், அதற்காகத்தான் 2022இல் இந்தப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அரை நிமிடம் கழித்து அவரே, "இல்ல, படகு ஃபேன் கிழிச்சதாவும் இருக்கலாம் சார், ஆழம் பத்தாத நேரத்துல எவனாச்சும் எஞ்சின் போட்டிருப்பான்" என்றார். இரண்டில் எது என்று பார்க்க மறுபடி இறங்கினேன். அதற்குள் படகு நகர்ந்திருந்தது, அந்த இடம் கிடைக்கவில்லை.

மறுநாள் தனுஷ்கோடி. 2011இல் போனபோது ரோடு கிடையாது. பழைய வேன், இருபது பேர், ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாதி தண்ணீரிலும் பாதி மணலிலும் ஓட்டுவார், தலை மேல்கூரையில் இடிக்கும். ஆஃப் ரோடு என்ற பெயர் தெரியாமலே நாம் அனுபவித்த ஆஃப் ரோடு அது. 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டுவிட்டார்கள். சொகுசாக ஏசி காரில் போய் இறங்கினேன். வேன்காரர்களுக்கு இப்போது என்ன வேலை என்று கேட்க நினைத்தேன், ஒருவரையும் காணோம். அங்கே கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.

ஏப்ரல் 7

நேற்று புதுப் பாம்பன் பாலம் திறந்துவிட்டார்கள். இனி ரயிலிலேயே ராமேஸ்வரம் வரை போகலாம். மார்ச் 10 குறிப்பில் பஸ் என்று போட்டிருப்பதைத் திருத்திப் படிக்கவும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பள்ளிக்கரணைக்காரர் எழுதியிருக்கிறார். சாயங்காலம் பெசன்ட் நகர் பொரிப்பகத்துக்குப் பிள்ளைகளோடு போனாராம். குஞ்சுகளை மணலில் விட்டபோது ஒன்று மட்டும் திரும்பிக் கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்ததாம். அவருடைய 9 வயது மகள், "அப்பா, அதுக்கும் ரோடுதான் புடிச்சிருக்கு" என்றாளாம். அப்பாவைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

விடுமுறைக்குக் காரங்காடு போகலாமா என்று கேட்கிறார். போகலாம், ரயில் டிக்கெட்தான் கஷ்டம், முன்பதிவு திறந்த நாளிலேயே போடுங்கள். ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடலே அமைதியாக இருக்கும். மீன் விலை மட்டும் கேட்காதீர்கள். சின்னவளுக்கு லைஃப் ஜாக்கெட் அளவு சரியாக இருக்கிறதா என்று கரையிலேயே போட்டுப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே தளர்ந்தால் தண்ணீரில் காது வரை ஏறிவிடும். சன் ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை டிஷர்ட்.

ஜீப் வாடகைக்குச் சொல்லட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏப்ரல் 27

டயர் கம்ப்ரஸர் ஒன்று விற்பனைக்கு. 12 வோல்ட், கார் சாக்கெட்டில் செருகலாம், நன்றாக வேலை செய்கிறது. 900 ரூபாய். பையில் கொஞ்சம் மணல் இருக்கிறது, வாங்குபவர் உதறிக்கொள்ளவும்.